கடற்கரை ஊருக்கு மின்னணு மருத்துவப் பதிவு: ஓர் எளிய அறிமுகம்

நாய் கடித்தால் ஒரே ஊசியோடு வேலை முடியாது. தோலுக்குள் போடும் முறையில், முதல் ஊசி போட்ட நாளிலிருந்து எண்ணி 3, 7, 28ஆம் நாட்களிலும் போட்டாக வேண்டும். பாம்பனில் கடிபட்ட ஒருவர் முதல் ஊசியை அங்கேயே போட்டுக்கொள்கிறார். மூன்றாம் நாள் வேலையாக ராமநாதபுரத்தில் இருக்கிறார், ஏழாம் நாள் தொண்டியில் சொந்தக்காரர் வீட்டில். ஊசிச் சீட்டு சட்டைப் பையில் இருந்தது, சட்டையோடு அதுவும் துவைக்கப் போய்விட்டது. "எத்தனை ஊசி ஆச்சு?" என்று நர்ஸ் கேட்டால் அவர் ஞாபகத்திலிருந்து சொல்வதுதான் கணக்கு. ரேபிஸ் வந்துவிட்டால் பிழைப்பது மிக அரிது. அந்தக் கணக்கை இப்படி ஞாபகத்தின் மேல் விட்டுவைத்திருக்கிறோம்.

மின்னணு மருத்துவப் பதிவு என்பது இந்த மாதிரிக் கணக்கையெல்லாம் கணினியில் வைப்பது. ஒரு ஆளுக்கு என்ன நோய், என்ன பரிசோதனை, என்ன மருந்து, எப்போது, யார் கொடுத்தது என்று தேதிவாரியாக அவர் பெயரில் சேர்ந்துகொண்டே போகும். அடுத்த முறை அவர் வந்து உட்கார்ந்ததும் டாக்டர் முன்னால் அது திறக்கும். ஒரே ஆஸ்பத்திரிக்குள் இது நடந்தால் முதல் படி. பாம்பனில் எழுதியது தொண்டியிலும் தெரிந்தால் அடுத்த படி. முதல் படியையே ஏறாமல் இரண்டாவதைப் பற்றிப் பேசிப் பயனில்லை, அதனால் இங்கே பெரும்பாலும் முதல் படியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

கம்ப்யூட்டர் இருக்கிற ஆஸ்பத்திரியிலெல்லாம் இது இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். வாசலில் பெயரைத் தட்டி டோக்கன் தருகிறார்கள், மருந்துக்கு பில் அச்சாகி வருகிறது. அவை வரிசைக்கும் வரவு செலவுக்கும் உதவுகிற கணினிகள். போன பொங்கலின்போது உங்களுக்குச் சுகர் எவ்வளவு இருந்தது, எந்த மாத்திரையை ஏன் மாற்றினார்கள், எந்த மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியாது. அது தெரிந்தால்தான் மருத்துவப் பதிவு.

சரி, காகிதத்துக்கு என்ன குறை? பல விஷயத்தில் ஒரு குறையும் இல்லை. கரண்ட் போனாலும் படிக்கலாம், பாஸ்வேர்டு மறக்காது, நோயாளி கையிலேயே இருக்கும். சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்குகிற பெரியவர்கள் ஒரு சின்ன நோட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாகக் கொண்டுவருவதைப் பார்க்கிறோம். அந்த நோட்டு பல நேரம் நல்ல பதிவேடுதான். ஆனால் காகிதத்தால் செய்யவே முடியாத ஒரு காரியம் இருக்கிறது. வந்தவர் யார் என்று ரெஜிஸ்டர் சொல்லும். வர வேண்டியவர்களில் யார் வரவில்லை என்று அது தானாகச் சொல்லாது.

ஏழை நாடுகளிலும் நம் மாதிரி ஊர்களிலும் இந்தப் பதிவுகள் தேவைப்படுவதற்கு முதல் காரணம் இதுதான் என்பது என் எண்ணம். காசநோய்க்குக் குறைந்தது ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும், நோயாளியும் நின்றுவிடுவார். நோய் மட்டும் உள்ளே இருந்து, முதலில் கேட்ட மருந்துக்குக் கேட்காததாகத் திரும்பி வரலாம். சுகரும் அப்படித்தான், வலிக்காத வரைக்கும் மாத்திரை ஞாபகத்துக்கு வராது. ஆர்எச் நெகட்டிவ் ரத்த வகை உள்ள கர்ப்பிணிக்கு உரிய நேரத்தில் ஆன்டி-டி ஊசி போடாமல் விட்டால் அடுத்த குழந்தைக்கு ஆபத்து. இவர்களில் யாரும் சண்டை போட்டுக்கொண்டு போவதில்லை, சத்தமில்லாமல் வராமல் போகிறார்கள். சுகாதார நிலையத்தில் அன்றைக்கு வந்த கூட்டத்தைப் பார்ப்பதற்கே நேரம் போதாது. வராதவரை யார் தேடுவது?

ராமநாதபுரம் கரையில் அப்படி வராமல் போகக் காரணங்கள் நிறைய. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும். அப்போது கேரளப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. கீழக்கரையிலிருந்து வளைகுடா போனவர்களின் மாத்திரைச் சீட்டு இரண்டு நாட்டு டாக்டர்கள் கையெழுத்தோடு இருக்கும். பெரிய நோய் என்றால் மதுரைக்கு ஓட்டம், 2022இல் ராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்தபின்னும் அந்தப் பழக்கம் முழுதாகப் போகவில்லை. ஏர்வாடி தர்காவுக்கு மனநலம் பாதித்தவர்களை எங்கெங்கோ இருந்து கூட்டி வருகிறார்கள். அங்கே மருந்து ஆரம்பித்து, ஒருவர் தேறி ஊர் திரும்பினால் எந்த மருந்து எவ்வளவு என்ற விவரமும் கூடவே போக வேண்டும். இல்லையென்றால் பழைய நிலைக்கே வந்துவிடலாம்.

இனி ஒரு பதிவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் ஆள். இந்த ஆள் இவர்தான் என்று தெரிய வேண்டும். கேட்பதற்குச் சின்ன விஷயம், நடைமுறையில் இதில்தான் அதிகமான பதிவுகள் கெட்டுப்போகின்றன. ஏர்வாடியைச் சுற்றி எத்தனை செய்யது இப்ராஹிம்கள்! தங்கச்சிமடத்தில் எத்தனை அந்தோணிகள், முதுகுளத்தூர்ப் பக்கம் எத்தனை முனியசாமிகள்! கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், அப்புறம் வீட்டுக்காரர் இனிஷியல் என்று பெண்களுக்கு அதுவும் மாறும். ஆங்கிலத்தில் தட்டும்போது ஒரே பெயரை நாலு பேர் நாலு விதமாகத் தட்டுவார்கள். பிறந்த தேதி தெரியாத பெரியவர்களுக்கு ஜனவரி 1 என்று போட்டுவிடுவார்கள், ஒரு சுகாதார நிலையத்தில் பாதிப்பேர் ஒரே நாளில் பிறந்தவர்களாகிவிடுவார்கள். விளைவு என்ன? ஒரே ஆளுக்கு மூன்று பதிவுகள் உண்டாகும். அதைவிட மோசம், இரண்டு முனியசாமிகள் ஒரே பதிவில் கலந்துபோவது. ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து இன்னொருவர் பக்கத்தில் எழுதியிருக்கும்.

இதைச் சமாளிக்க நம் ஊரில் ஏற்கெனவே ஒரு முறை இருக்கிறது. மொய் எழுதுகிற இடத்தைக் கவனித்துப் பாருங்கள். பெயர் மட்டும் கேட்க மாட்டார்கள். ஊர், தெரு, அப்பா பேர், வீட்டுப் பட்டப்பேர் வரைக்கும் கேட்டுத்தான் எழுதுவார்கள். பத்து வருடம் கழித்துத் திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கு, ஆள் மாறக் கூடாது. இப்போது மதுரை, ராமநாதபுரம் பக்கம் மொய்யையே கணினியில் ஏற்றி, கையில் ரசீதும் கொடுக்கிறார்கள். மருத்துவப் பதிவுக்கும் இதே கவனம் வேண்டும்: மாறாத ஓர் எண், அதோடு அம்மா பெயர், ஊர், தெரு, தோராயமான வயது. எண் தொலைந்தால் மற்றவற்றை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாம். தமிழிலேயே பெயரைத் தட்டவும் தேடவும் வசதி இருந்தால் பாதிப் பிரச்சினை ஓய்ந்துவிடும்.

அடுத்தது விவரம். சுகர் 180 என்று ஒரு சீட்டில் இருக்கிறது. வெறும் வயிற்றில் எடுத்ததா, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தா? முதலாவது என்றால் கவலைப்பட வேண்டிய எண், இரண்டாவது என்றால் ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் பெரிய கவலை இல்லை. காகிதத்தில் டாக்டர் ஊகித்துக்கொள்வார், கணினி ஊகிக்காது. அதனால் நல்ல பதிவில் "வெறும் வயிறு", "சாப்பிட்ட பின்" என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். நோயின் பெயருக்கும் அதே ஒழுங்கு உண்டு. உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட ஐசிடி-10 என்ற நோய்க் குறியீட்டுப் பட்டியலில் இரண்டாம் வகை நீரிழிவுக்கு E11 என்று எண். டாக்டர் எப்படிச் சொன்னாலும் உள்ளே அந்த எண் பதிந்தால்தான், மண்டபம் வட்டாரத்தில் எத்தனை சுகர் நோயாளிகள் என்று பின்னால் எண்ண முடியும். ஆனால் எல்லாவற்றையும் கட்டத்துக்குள் அடைக்கவும் கூடாது. "மகன் கடலுக்குப் போய்த் திரும்பாததிலிருந்து தூக்கமில்லை" என்று நோயாளி சொல்வதை எழுத வெற்றிடம் வேண்டும். அது இல்லாத மென்பொருளை டாக்டர்கள் சீக்கிரமே வெறுத்துவிடுவார்கள்.

வசதி குறைந்த நாடுகளில் இதையெல்லாம் ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறார்கள். 2001இல் கென்யாவில் மொசோரியோட் என்ற கிராம சுகாதார மையத்தில், அமெரிக்காவின் இந்தியானாவிலிருந்து வந்த மருத்துவர்களும் எல்டோரெட் நகரத்து மருத்துவர்களும் சேர்ந்து, மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் எழுதிய ஒரு சின்ன மென்பொருளை வைத்தார்கள். எச்ஐவி மருந்து பரவலாக வந்ததும், வாழ்நாள் முழுக்கத் தொடர வேண்டிய ஆயிரக்கணக்கான நோயாளிகள் சேர்ந்தார்கள், சின்ன மென்பொருள் தாங்கவில்லை. 2004இல் அந்த அனுபவத்தோடு, பெருவிலும் ஹெய்ட்டியிலும் வேலை செய்துகொண்டிருந்த பார்ட்னர்ஸ் இன் ஹெல்த் அமைப்பும் சேர்ந்து ஓபன்எம்ஆர்எஸ் என்ற மென்பொருளை ஆரம்பித்தார்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்து மாற்றிக்கொள்ளலாம். இன்று ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பல நாடுகளில் ஓடுகிறது. இந்தியாவில் அதன் மேல் கட்டிய பாம்னி என்ற மென்பொருளைச் சத்தீஸ்கரில் கனியாரி என்ற கிராமத்தில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் என்ற தொண்டு அமைப்பு நடத்தும் ஆஸ்பத்திரியில்தான் முதலில் பயன்படுத்தினார்கள். பெருநகர ஆஸ்பத்திரியில் தொடங்கிக் கிராமத்துக்கு வந்ததல்ல அது.

கென்யாவில் அவர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். டாக்டர்களைக் கணினி முன்னால் உட்கார வைக்கவில்லை. டாக்டர் வழக்கம்போல் படிவத்தில் எழுதினார், ஓர் உதவியாளர் அதைத் தட்டினார். அடுத்த முறை நோயாளி வரும்போது ஒரு பக்கச் சுருக்கத்தை அச்சிட்டு ஃபைலின் மேல் வைத்தார்கள். எச்ஐவி உள்ளவரின் எதிர்ப்புச் சக்தியை அளப்பது சிடி4 என்ற ரத்தப் பரிசோதனை. அந்தத் தாளில் "இவருக்கு சிடி4 பரிசோதனை எடுத்து நாளாகிவிட்டது" என்று நினைவூட்டலும் சேர்த்தபோது, டாக்டர்கள் அந்தப் பரிசோதனையை எழுதுவது கூடியது. எழுதிக் கொடுத்தவருக்கே அது திரும்பிப் பயன்பட்டது.

மலாவியில் பாவோபாப் ஹெல்த் என்ற அமைப்பு வேறு வழியில் போனது. தட்டச்சுப் பழக்கமில்லாத நர்ஸ்களுக்காகத் தொடுதிரை வைத்தார்கள், ஒரு திரைக்கு ஒரே கேள்வி. அந்த நாட்டில் நோயாளிகள் ஒவ்வொருவரிடமும் ஒரு கையேடு இருக்கும். அதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கணினியில் பதிந்ததைச் சின்ன ஸ்டிக்கராக அச்சிட்டு அந்தக் கையேட்டிலேயே ஒட்டிக் கொடுத்தார்கள், பார்கோடும் சேர்த்து. கரண்ட் இல்லாத வேறு ஊருக்குப் போனாலும் விவரம் கையில் இருக்கும். நம் ஊர்ச் சுகர் நோட்டுக்கு இதைவிடப் பொருத்தமான யோசனை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பணம் கொட்டினால் மட்டும் இது வந்துவிடாது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. இங்கிலாந்து 2002இல் நாடு முழுவதற்கும் ஒரே திட்டமாக ஆரம்பித்து, பல நூறு கோடி பவுண்டு செலவழித்து, 2011இல் அதைக் கலைப்பதாக அறிவித்தது. மேலிருந்து திணித்த திட்டத்தை ஆஸ்பத்திரிகள் தங்களுடையதாக ஏற்றுக்கொள்ளவில்லை என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் முக்கியமானது.

நம்மிடம் யார் தட்டுவது என்ற கேள்விக்கு வருவோம். கிராம சுகாதார நர்ஸிடம் ஏற்கெனவே ரெஜிஸ்டர்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. கணினி வந்தபின் ரெஜிஸ்டரை நிறுத்தாமல், இரண்டிலும் எழுதச் சொல்வதுதான் வழக்கம். பகலில் வீடு வீடாகப் போய்விட்டு, இரவில் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு அவர் தட்டுகிறார். அப்படித் தட்டியது மேலே போகிறது, மாவட்டக் கூட்டத்தில் சதவீதமாக வருகிறது. அவருக்குத் திரும்பி என்ன வருகிறது? ஒன்றும் வரவில்லையென்றால் விவரம் மெல்லமெல்லப் பொய்யாகும். அதற்காக அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு விவரத்தை ஒரு முறைதான் எழுத வேண்டும், எழுதியவருக்கு அது அந்த வாரத்திலேயே வேலையைக் குறைத்துத் தர வேண்டும். திங்கட்கிழமை காலையில் "இந்த வாரம் உன் பகுதியில் பார்க்க வேண்டிய ஒன்பது பேர் இவர்கள்" என்று பெயர், தெருவோடு ஒரு தாள் அவர் கைக்கு வந்தால், அந்தக் கணினியை அவரே காப்பாற்றுவார். தேடிப் போக ஆட்களும் நம்மிடம் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே சுகர், பிரஷர் மாத்திரை கொண்டுபோகும் பெண் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இருக்க வேண்டியது சரியான பட்டியல்.

இயந்திரத்தைப் பற்றிச் சுருக்கமாக. இங்கே கடற்காற்று உலோகத்தைத் தின்னும். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரி, மண்டபத்தில் ஒரு பிரிவு வைத்து இந்த அரிப்பைத்தான் ஆராய்கிறது. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் துருவோடு போராடியே 2022 வரை ஓடியது. ஜன்னலோரம் வைத்த கணினியின் இணைப்பு முனைகள் எவ்வளவு நாள் தாங்கும்? மூடிய அறை, மலிவான கருவி, பழுதானால் மாற்ற அலமாரியில் இன்னொன்று, இதுதான் வழி. இன்டர்நெட் இல்லாவிட்டாலும் ஓடுகிற மென்பொருளாக இருக்க வேண்டும். விவரம் உள்ளூரில் பதிந்து, இணைப்பு வரும்போது மேலே போய்ச் சேர வேண்டும். "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க" என்று காய்ச்சல்காரரைத் திருப்பி அனுப்புவதற்குப் பதில் பழைய நோட்டே மேல். பதிவுகளின் நகலை அதே கட்டடத்தில் வைக்கக் கூடாது என்பதை, 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியை இழந்த மாவட்டத்துக்கு விளக்க வேண்டியதில்லை.

அரசுத் தரப்பில் ஆரம்பம் நடந்துவிட்டது. கர்ப்பிணிகளைப் பதிந்து பின்தொடரும் பிக்மி என்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் 2008 முதல் இருக்கிறது. அதில் பதியும்போது கிடைக்கும் எண்ணைப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் கேட்பதால் தாய்மார்களுக்கு நன்றாகத் தெரியும். காசநோய்க்கு நிக்ஷய் என்ற தனிப் பதிவு. 2021 செப்டம்பர் 27இல் மத்திய அரசு தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் ஆபா என்ற 14 இலக்க எண் தருகிறார்கள். ஆபா எண் வாங்கிவிட்டால் வைத்திய விவரமெல்லாம் டெல்லியில் ஓர் இடத்தில் குவிந்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள், சிலர் அதையே எதிர்பார்க்கிறார்கள். இரண்டும் சரியில்லை. விவரம் உண்டான ஆஸ்பத்திரியிலேயே இருக்கும். ஆபா என்பது அவற்றைக் கோக்கிற எண். நீங்கள் சம்மதம் கொடுத்தால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும். அந்த ஆஸ்பத்திரியில் கணினிப் பதிவே இல்லையென்றால் எண் இருந்தும் கோக்க ஒன்றும் இருக்காது.

சம்மதம் என்பதை இங்கே ஓடிபி என்று படிக்க வேண்டியிருக்கிறது, அதில்தான் எனக்கு வருத்தம். ஓடிபி போகிற போன் யாரிடம்? பல வீடுகளில் ஒரே எண்தான் எல்லோருக்கும் கொடுத்திருப்பார்கள், அது வீட்டுக்காரர் எண். அவர் கடலில் இருப்பார், அல்லது துபாயில். மனைவி கர்ப்பப் பரிசோதனைக்கு வந்து நிற்கிறார், சம்மதம் சொல்ல வேண்டிய எண் வேறொருவர் கையில். இன்னொரு பக்கமும் இருக்கிறது. கல்யாணமாகாத பெண்ணுக்கு எடுத்த பரிசோதனை முடிவு அண்ணன் போனுக்குக் குறுஞ்செய்தியாகப் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். சின்ன ஊரில் ரகசியம் காப்பது பெரிய ஊரைவிடக் கடினம். பதிவு மேசையில் உட்கார்ந்திருப்பவர் நம் சித்தி மகளாக இருக்கலாம். வராதவர்கள் பட்டியல் உயிர் காக்கும் என்றேன். அதே பட்டியலில் காசநோய், எச்ஐவி, மனநோய் என்ற சொற்கள் இருந்து, அது டீக்கடை மேசையில் கிடந்தால் ஒரு குடும்பத்தின் சம்பந்தப் பேச்சு முறிந்துபோகும். தேடிப் போகிறவருக்குப் பெயரும் தெருவும் தேதியும் போதும், நோயின் பெயர் அந்தத் தாளில் வேண்டாம். யார் யாருடைய பதிவை எப்போது திறந்தார்கள் என்பதும் கணினியில் தானாகப் பதிய வேண்டும். 2017இல் வந்த எச்ஐவி சட்டமும் மனநலச் சட்டமும் இந்த ரகசியத்தை நோயாளியின் உரிமையாகவே சொல்கின்றன.

ஒரு சுகாதார நிலையம் இதைத் தொடங்குவதென்றால், எல்லா நோய்க்கும் ஒரே நாளில் என்று போக வேண்டாம். சுகர், பிரஷர் கிளினிக்கை மட்டும் எடுக்கலாம். அதே ஆட்கள் மாதாமாதம் வருவார்கள், எழுத வேண்டியதும் கொஞ்சம்தான்: ஆள் விவரம், ரத்த அழுத்தம், சுகர், மாத்திரை, அடுத்த தேதி. முதல் நாளிலேயே அந்த ரெஜிஸ்டரை நிறுத்த வேண்டாம். ஆனால் நிறுத்தப்போகும் தேதியை அன்றைக்கே சுவரில் எழுதி வைக்க வேண்டும், இல்லையென்றால் இரட்டை வேலை நிரந்தரமாகிவிடும். நோட்டில் ஒட்ட ஸ்டிக்கர் அச்சிடும் சின்ன பிரிண்டர் ஒன்று, திங்கட்கிழமைப் பட்டியல் ஒன்று. இந்த இரண்டும் ஓடிய பிறகு கர்ப்பிணிகள், அப்புறம் நாய்க்கடி ஊசி என்று சேர்த்துக்கொள்ளலாம்.

நோயாளியாக நாம் செய்யக் கூடியவையும் சில உண்டு. டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை முடிவு எதையும் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வராதீர்கள், தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள். எல்லா இடத்திலும் ரேஷன் கார்டில் இருக்கிறபடியே பெயரைச் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதச் சொல்லிக் கேளுங்கள். வீட்டுப் பெண்களுக்குத் தனி எண் இருந்தால் அதையே கொடுக்கட்டும். சிம் மாற்றினால் அடுத்த முறை பதிவு மேசையில் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். நீங்கள் வராமல் போன வாரத்தில் நர்ஸ் முதலில் கூப்பிட்டுப் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.